பாங்கு சொன்ன செவி கேட்கிறதா?

பிள்ளை பிறந்தவுடன் அதன் வலச் செவியில் பாங்கும் இடச் செவியில் இகாமத்தும் சொல்கிறோம். சொல்லி முடித்த பெரியவருக்கு மரியாதை செய்கிறோம். வந்தவர்களுக்குச் சீனி வழங்குகிறோம். ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறோம். ஆனால், சொல்லியது அந்தச் செவிக்குக் கேட்டதா என்ற கேள்வி மட்டும் அந்த வீட்டில் எழுவதே இல்லை. அது எழுவதற்கு மூன்றாண்டு ஆகிறது. சில வீடுகளில் ஐந்தாண்டு ஆகிறது. அதற்குள் அந்தப் பிள்ளையின் மொழி வளரவேண்டிய காலம் கடந்து போய்விடுகிறது.

இந்த அழகிய வழக்கத்தை நாம் குறை கூற வரவில்லை. உலகுக்கு வந்த உயிரை முதன்முதலில் செவி வழியாக வரவேற்கும் மரபு நம்முடையது. திருக்குர்ஆனின் நஹ்ல் அத்தியாயம் 78ஆம் வசனம், ஒன்றும் அறியாதவராய்த் தாய் வயிற்றிலிருந்து வெளிவந்த மனிதருக்கு இறைவன் அளித்தவற்றை எண்ணும்போது செவியை முதலிலும், பார்வையை அதன் பின்னும், உள்ளத்தை அதற்கும் பின்னும் வைக்கிறது. செவிக்கு இத்துணை முதன்மை தந்த சமுதாயத்தில் ஒரு பிள்ளை காது கேளாமல் நான்காண்டு வளர்ந்ததை ஒருவரும் அறியவில்லை என்றால், அது எங்ஙனம் நேர்ந்தது? நமது கேள்வி இதுதான்.

ஒரு சொல்லால் நேர்ந்தது என்போம். “பொறுங்கள், தானே பேசும்” என்பதே அந்தச் சொல். பாட்டனார் சொல்கிறார், பக்கத்து வீட்டார் சொல்கிறார், கவலையோடு தூக்கிச் சென்றால் மருத்துவரும், பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, அதையே சொல்லி அனுப்புகிறார். நம் வீடுகளில் இதைவிட இனிய சொல்லும் இல்லை. இதைவிடத் தீங்கு செய்த சொல்லும் இல்லை. இச்சொல்லை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வளர்ச்சிப் படிகள் என்பவை யாவை என்பதை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். தலை நிற்றல், குப்புறல், உட்காருதல், நடத்தல், அழைத்தால் திரும்புதல், மழலை மிழற்றுதல், சொல் உதிர்த்தல், இரு சொல் சேர்த்தல் என்று ஒரு பிள்ளை ஏறிவரும் படிகளே அவை. இந்தப் பட்டியலை எடுத்துக் காட்டினால், “இதெல்லாம் மேல்நாட்டார் கணக்கு, நம் பிள்ளைகளுக்குப் பொருந்தாது” என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை நம் வீட்டு நூல்களிலேயே இருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை வேறு எதனைப் பாடுகிறது? ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடும் நிலைக்குச் செங்கீரை என்று பெயர். கைகொட்டும் நிலை சப்பாணி. தளர்நடையிட்டு வரும் நிலை வருகை. நிலவைச் சுட்டி அழைக்கும் நிலை அம்புலி. பாட்டியல் நூலார் இவற்றுக்கு மாதக் கணக்கும் வகுத்தனர்; செங்கீரை ஐந்தாம் மாதத்திலும் சப்பாணி ஒன்பதாம் மாதத்திலும் வரும் என்றனர். நபிகள் நாயகம் பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களும் இந்தப் பருவ அமைப்பையே கைக்கொண்டனர். அரபு நூல்களுக்கு வந்தால், பத்தாம் நூற்றாண்டில் கைரவான் நகரத்து மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார் பிள்ளைப் பராமரிப்புக்கென்றே தனிநூல் எழுதினார். இப்னு ஸீனா தமது ‘கானூன்’ நூலின் முதற்பகுதியில் குழந்தை வளர்ப்புக்கு இடம் ஒதுக்கினார். 1350இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னுல் கையிம் எழுதிய ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ என்னும் நூல், பிறந்த பிள்ளையின் செவியில் பாங்கு சொல்வதைப் பற்றியும் பேசுகிறது. பிள்ளையைக் காலத்துக்கு முன் நடக்க வைத்தால் கால் கோணும் என்றும் எச்சரிக்கிறது. பிள்ளை எந்தக் காலத்தில் எதைச் செய்யும் என்று உற்று நோக்கும் அறிவு நமக்கு இறக்குமதிச் சரக்கு அன்று. முன்னோர் கண்ணில் இருந்தது. நம் கண்ணிலிருந்து நழுவிவிட்டது.

இரண்டாம் விடை உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து எழுதப்பட்டது அது. நம் நாடும் அதில் உண்டு. அரபு நாடு ஒன்றும் உண்டு. துணையின்றி உட்காருவதற்கு 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையும், தனியே நடப்பதற்கு 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரையும் இயல்பான கால எல்லை என்று அந்த ஆய்வு கண்டது. எத்துணை அகலமான எல்லை என்று பாருங்கள். ஒரு பிள்ளை ஒன்பதாம் மாதத்தில் நடக்கலாம். இன்னொன்று பதினேழாம் மாதத்தில் நடக்கலாம். இரண்டும் இயல்பான பிள்ளைகளே. தவழாமலேயே எழுந்து நடந்த பிள்ளைகளும் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஆகவே, வளர்ச்சிப் படி என்பது பந்தயக் கம்பம் அன்று. வயலின் எல்லைக்கல் போன்றது. கல்லுக்கு உள்ளே எங்கு நின்றாலும் அச்சமில்லை. கல்லைத் தாண்டினால் என்னவென்று கேட்கவேண்டும். அவ்வளவே.

அதனைப் பந்தயக் கம்பமாக ஆக்கியவர்களையும் நாம் விட்டுவிடுவதற்கில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை நடந்துவிட்டதென்று தம் பிள்ளையைச் சக்கரம் வைத்த நடைவண்டியில் உட்கார்த்தி உருட்டுகிறவர்கள் அவர்கள். அந்த உட்காரும் வண்டி நடையை விரைவுபடுத்துவதில்லை. தாமதப்படுத்துகிறது என்பதே மருத்துவர்கள் கண்டது. படிக்கட்டில் உருண்டு தலையுடைந்த பிள்ளைகள் பலர் என்பதால் கனடா அரசு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. பிள்ளை தன் காலில் நின்று தள்ளிச் செல்லும் நம் பழைய மூன்று சக்கர மரவண்டி வேறு. அதனை இதனோடு சேர்த்துப் பேசவில்லை. எல்லைக்கல்லைப் பந்தயக் கம்பமாக்குவது ஒரு மடமை. எல்லைக்கல்லே வேண்டாமென்று பிடுங்கி எறிவது இன்னொரு மடமை. முன்னது தாயைத் துன்புறுத்துகிறது. பின்னது பிள்ளையைக் கெடுக்கிறது.

இனிச் செவிக்கு வருவோம். பிறந்த பிள்ளை உரத்த ஓசைக்குத் திடுக்கிட வேண்டும். நான்கு மாதத்தில் தாயின் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பவேண்டும். ஆறு மாதத்தில், நாம் ஓசையிட்டு நிறுத்தினால் அதுவும் பதிலுக்கு ஓசையிட வேண்டும். ஒன்பது மாதத்தில் பெயர் சொல்லி அழைத்தால் பார்க்கவேண்டும்; “மமம”, “பபப” என்று அடுக்கி மிழற்ற வேண்டும். ஓராண்டில் உம்மாவையோ வாப்பாவையோ குறித்து ஓர் அழைப்பு வேண்டும். ஒன்றரை ஆண்டில் அந்த அழைப்புகள் தவிர மூன்று சொற்களேனும் வேண்டும். இரண்டாண்டில் இரு சொற்களைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் தன் படிப்பட்டியலை 2022இல் திருத்தியபோது, நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகள் அந்த வயதுக்குள் எய்திவிடும் படிகளையே அந்தந்த வயதுக்கு வைத்தது. முன்னர்ப் பாதிப் பேர் எய்தும் வயதை வைத்துப் பட்டியலிட்டதால், ஒரு படி தவறினாலும் “இன்னும் பாதிப் பேர் இருக்கிறார்கள், பொறுங்கள்” என்று மருத்துவர் சொல்ல இடமிருந்தது. அந்த இடத்தை அடைக்கவே திருத்தம் வந்தது. “பொறுங்கள்” என்ற சொல்லோடு போராடுவது நாம் மட்டும் அல்லர் என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம். நம் பக்கத்திலேயே, திருவனந்தபுரத்துக் குழந்தை வளர்ச்சி மையம், ஈராண்டு வரையுள்ள பிள்ளைகளுக்காகப் பதினேழே படிகள் கொண்ட எளிய அட்டவணை ஒன்றை 1991இல் வெளியிட்டது. சில நிமிடங்களில் பார்த்து முடிக்கத்தக்கது. அறிவு அரிதாக இல்லை. அதைப் பயன்படுத்தும் மனமே அரிதாக இருக்கிறது.

பொறுக்கச் சொல்கிறவர்கள் தம் சொல்லுக்குச் சான்றுகளும் வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

“ஆண் பிள்ளை, தாமதமாகத்தான் பேசும்” என்பது முதற் சான்று. சராசரியில் ஆண் பிள்ளைகள் சற்றுப் பிந்துவது உண்மை. ஆனால் அந்தப் பிந்துதல் மிகச் சிறியது. ஆண்டுக் கணக்கில் வருவதன்று. இரண்டாண்டு நிரம்பியும் சொல்லற்று நிற்கும் பிள்ளைக்கு அவன் ஆண் என்பது விளக்கமாகாது.

“அவன் வாப்பாவும் நான்கு வயதில்தான் பேசினார்” என்பது இரண்டாம் சான்று. அந்த வாப்பாவின் செவியை அந்நாளில் எவரேனும் சோதித்தார்களா? இல்லை. அவர் இன்றும் ஒரு பக்கக் காதைச் சாய்த்துக் கேட்கிறாரா என்று இவர்கள் பார்த்ததுண்டா? அதுவும் இல்லை. குடும்பத்தில் முன்பும் ஒருவர் தாமதித்தார் என்பது அமைதி கொள்ளக் காரணம் ஆகாது. விரைந்து சோதிக்கவே காரணம் ஆகும். ஏனெனில் செவிக் குறை பல நேரங்களில் குடும்பவழி வருவது.

“வீட்டில் தமிழும் உருதும் பேசுகிறோம், பிள்ளை குழம்பிவிட்டது” என்பது மூன்றாம் சான்று. இதனை மருத்துவர் சிலரும் சொல்லி, ஒரு மொழியை நிறுத்தச் சொல்வது வியப்பிலும் வியப்பு. இரு மொழி கேட்டு வளரும் பிள்ளை அதனால் பேச்சுத் தாமதம் அடைவதில்லை என்பது ஆய்வாளர்கள் பலமுறை கண்ட உண்மை. இரு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணவேண்டும்; அவ்வளவுதான். காயல்பட்டினமும் கீழக்கரையும் வேலூரும் ஆம்பூரும் எத்தனை மொழிகளுக்கு நடுவே பிள்ளைகளை வளர்த்திருக்கின்றன! பாட்டியின் மொழியை வாயடைத்துவிட்டுப் பிள்ளையின் செவியைச் சோதிக்காமல் விடுவது, கூரை ஒழுகும்போது தரையைப் பெயர்ப்பதற்கு ஒப்பாகும்.

“காது கேட்கிறது, கதவைச் சாத்தினால் திரும்புகிறான்” என்பது நான்காவது. மிகப் பலரை ஏமாற்றியது இதுதான். கதவு அறைந்தால் தரை அதிர்கிறது, காற்று அசைகிறது, அருகிலிருப்பவர் திரும்புவதைப் பார்த்துப் பிள்ளையும் திரும்புகிறது. மேலும், செவிக் குறை என்பது முழு அமைதி என்று எண்ணுவதே தவறு. இடி முழக்கமும் பறை ஒலியும் போன்ற தாழ்ந்த சுருதி ஓசைகள் கேட்டு, உயர்ந்த சுருதியுள்ள ஸகர ஷகர ஒலிகள் கேளாத செவிகள் உண்டு. அத்தகைய பிள்ளைக்குக் குரல் கேட்கும், சொல் கேட்காது. நாம் பேசுவது அதற்கு மூடிய அறைக்கு வெளியே யாரோ பேசுவது போல் இருக்கும். காது கேளாத பிள்ளையும் முதல் சில மாதங்களில் சிரிக்கும், கூவும், ஓசையிடும். ஆகவே அந்த மழலையைச் சான்றாகக் கொண்டவர்களும் ஏமாந்தார்கள்.

நாக்குக்கு அடியிலுள்ள நரம்பை வெட்டினால் பேச்சு வரும் என்பவர்களும், வசம்பைச் சுட்டுத் தேய்த்தால் நா புரளும் என்பவர்களும், தாயத்துக் கட்டச் சொல்பவர்களும் வேறு இருக்கிறார்கள். பேச்சு நாக்கில் தொடங்குகிறது என்று இவர்கள் எண்ணுகிறார்கள். அது செவியில் தொடங்குகிறது. கேளாததை எந்த நாக்கும் சொல்லாது.

இவர்களுடைய வாதத்தில் ஓர் உண்மை உண்டென்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். பேசத் தாமதித்த பிள்ளைகளுள் பலர் பின்னர்த் தாமே பேசிவிடுகிறார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால், தானே பேசப்போகும் பிள்ளை எது, காது கேளாத பிள்ளை எது என்று திண்ணையிலிருந்து பார்த்துப் பிரித்தறிய எவராலும் ஆகாது. சோதித்தால்தான் தெரியும். தானே பேசியிருக்கக்கூடிய பிள்ளையைச் சோதித்ததனால் வரும் இழப்பு என்ன? ஒரு காலைப் பொழுதும் பேருந்துக் கட்டணமும். காது கேளாத பிள்ளையைச் சோதிக்காமல் விட்டதனால் வரும் இழப்பு என்ன? ஒரு மொழி; அதன் வழி வரும் கல்வி; அதன் வழி வரும் வாழ்வு. இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கட்டும். பொறுக்கச் சொல்வதற்கு எந்தத் தட்டில் நியாயம் இருக்கிறது?

காலம் ஏன் இத்துணை முக்கியம் என்று கேட்கலாம். மூளையில் ஓசைக்கென்று அமைந்த பகுதி, ஓசை வந்து பழகினால்தான் ஓசைக்கு உரியதாய் வளர்கிறது. முதல் சில ஆண்டுகள் ஓசையே வராவிட்டால் அந்தப் பகுதி வேறு வேலைகளுக்குத் திரும்பிவிடுகிறது. பிறகு கருவி பொருத்தினாலும் ஓசை கேட்கும். அதனை மொழியாகக் கொள்வது கடினமாகிவிடும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்து 1998இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஆறு மாதத்துக்குள் செவிக் குறை கண்டறியப்பட்ட 72 பிள்ளைகளையும் அதற்குப் பின் கண்டறியப்பட்ட 78 பிள்ளைகளையும் ஒப்பிட்டது. முதல் தொகுதியாரின் மொழித்திறன் தெளிவாக மேம்பட்டு நின்றது. இன்று செவிப்புல மருத்துவர்கள் 1–3–6 என்று ஒரு கணக்குச் சொல்வர்: ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையும் பயிற்சியும். நாம் ஆறு மாதத்தில் முடிக்கவேண்டியதை ஆறு வயதில் தொடங்குகிறோம்.

பிறக்கும் ஆயிரம் பிள்ளைகளுள் ஒன்று முதல் மூன்று பிள்ளைகள் வரை குறிப்பிடத்தக்க செவிக் குறையோடு பிறக்கிறார்கள். சோதனையோ மிக எளிது. தூங்கும் பிள்ளையின் காதில் சிறு செருகி ஒன்றை வைத்து மெல்லிய ஓசை அனுப்பி, உட்செவி திருப்பி அனுப்பும் எதிரொலியை அளக்கும் ஓ.ஏ.ஈ. சோதனை சில நிமிட வேலை. அதில் ஐயம் தோன்றினால், ஓசை மூளைத் தண்டு வரை போய்ச் சேர்கிறதா என்று காட்டும் ‘பெரா’ சோதனை உண்டு. ஊசி இல்லை, வலி இல்லை, பிள்ளை விழிக்கக்கூட வேண்டியதில்லை. பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த பிள்ளைகள், கடும் மஞ்சட்காமாலை கண்டவர்கள், மூளைக்காய்ச்சல் வந்தவர்கள், கருவிலிருந்தபோது தாய்க்கு ருபெல்லா அம்மை கண்டவர்கள் ஆகியோருக்கு இச்சோதனையைத் தவிர்ப்பது மன்னிக்க முடியாத அசட்டை.

இங்கே நம்மவர் விரும்பாத செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய உறவில் மணம் முடிப்பது நம்மிடையே மிகுதி. தென்னாட்டில் மற்றச் சமுதாயத்தாரிடமும் உண்டு. மார்க்கம் அதனைத் தடுக்கவில்லை. நாமும் அதனை இழிவென்று சொல்லவில்லை. ஆனால் இரு பக்கமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் வந்து சேர அங்கே வாய்ப்பு மிகுதி; பிறவிச் செவிக் குறைக்கும் அது பெரிய காரணம். ஆகவே உறவில் மணந்தவர்கள் தம் பிள்ளையின் செவியை மற்றவரினும் முந்திச் சோதிக்கக் கடமைப்பட்டவர்கள். குடும்பப் பெயர் கெடும் என்று மூடி மறைப்பவர்கள், காப்பது பெயரையும் அன்று, பிள்ளையையும் அன்று.

மருத்துவர்களிடமும் நமக்கு வழக்கு உண்டு. கூட்டம் நிறைந்த மருத்துவமனையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் கிடைப்பதே அரிது என்பதை அறிவோம். ஆனால், தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள். தடுப்பூசிக் கட்டங்கள் தேதியோடு நிறைந்திருக்கும். அதே அட்டையில் பிள்ளையின் வளர்ச்சிப் படிகள் படம் போட்டு அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தை விரிப்பார் இல்லை. எடை பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், அடுத்த தேதி குறிக்கிறார்கள். “உங்கள் பிள்ளையின் பேச்சைப் பற்றியோ கேள்வியைப் பற்றியோ உங்களுக்கு ஏதேனும் கவலை உண்டா?” என்று தாயிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு எத்தனை நிமிடம் ஆகும்? தாயின் கவலை பெரும்பாலும் வெறும் அச்சமன்று. நம்பத்தக்க அறிகுறி என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவும் பகலும் உடனிருப்பவள் அவள். அவள் கவலையை “முதல் பிள்ளை, அதனால் பயப்படுகிறாய்” என்று சிரித்துத் தள்ளும் மருத்துவர், தம் கையிலிருந்த மிகச் சிறந்த சோதனைக் கருவியைத் தூக்கி எறிகிறார்.

கேட்கத் துணிந்த தாயின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. “என் பிள்ளை அழைத்தால் திரும்பவில்லை” என்று அவள் முதலில் சொல்வது மாமியாரிடம். “என் பேரனுக்குக் குறை சொல்கிறாயா?” என்று வாயடைக்கிறார்கள். கணவனோ வளைகுடா நாட்டில். தொலைபேசியில் காணொளி வழியே பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறான். பிள்ளை திரையைப் பார்த்துச் சிரிக்கிறது. நலமாக இருக்கிறதென்று அவன் முடிவு செய்கிறான். பார்வையால் சிரிக்கும் பிள்ளைக்கும் செவியால் சிரிக்கும் பிள்ளைக்கும் திரையில் வேறுபாடு தெரிவதில்லை. அந்தத் திரை வேறு பல தீமைகளும் செய்கிறது. ஓராண்டு நிரம்பாத பிள்ளைக்குத் திரை கூடாதென்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாதென்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. பிள்ளை பேசவில்லை என்றால் கைப்பேசியைக் குறை சொல்லிவிட்டு நின்றுவிடுகிறவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். கைப்பேசியைப் பிடுங்குங்கள், நன்று. பிடுங்கியதோடு செவியையும் சோதியுங்கள்.

நம் மக்தபுகளுக்கும் ஒரு வார்த்தை. அலிஃப், பே சொல்லிக் கொடுப்பதில் காலம் கழித்தவர்கள் நாம். ஆதலால் உரிமையோடு சொல்கிறோம். ஸீனையும் ஷீனையும் ஸாதையும் எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் ஒன்றாகவே ஒலிக்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து, உஸ்தாதின் வாயையே உற்றுப் பார்த்து, பக்கத்துப் பிள்ளை கிதாபைப் புரட்டியபின் தானும் புரட்டும் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மந்தம் என்றும் பிடிவாதம் என்றும் பெயர் சூட்டப்படுகிறது. சில இடங்களில் பிரம்பும் பேசுகிறது. உயர்ந்த சுருதி கேளாத செவிக்கு அந்த மூன்றெழுத்தும் ஒன்றே. கேளாத ஒலியைச் சொல்லவில்லை என்று அடிப்பது எந்த மார்க்கத்தில் நீதி? அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைக்கும் சில காலம் கேள்வி மங்குவதுண்டு. எளிய சிகிச்சையால் தீர்வதும் உண்டு. உஸ்தாதுமார் பிரம்பை வைத்துவிட்டுப் பெற்றோரை அழைத்துச் சோதனைக்கு அனுப்பட்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வஸ்திய காரியக்ரம் என்னும் திட்டத்தில், பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் கண்டறிய நடமாடும் மருத்துவக் குழுக்கள் உண்டு. தொடர்ந்து கவனிக்க மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்கள் உண்டு. ஆனால் அந்தக் குழுக்கள் செல்வது அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும். அங்கன்வாடிக்கு அனுப்புவது கௌரவக் குறைவென்று கருதித் தனியார் மழலையர் பள்ளிக்கும் மக்தபுக்கும் மட்டும் அனுப்பும் நம் வீட்டுப் பிள்ளைகள் அந்தக் கண்களுக்குத் தப்பிவிடுகிறார்கள். உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்குத் தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டு. இலட்சக் கணக்கில் ஆகும் செலவு ஏழைக்கு இல்லாமற் போகிறது. ஆனால் அது சிறு வயதுப் பிள்ளைகளுக்கே பயன் தருவது. பொறுத்திருந்து போகிறவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டிருக்கும். சாத்தியது அரசு அன்று, காலம். எல்லாப் பிள்ளைக்கும் அந்தக் கருவிதான் வேண்டுமென்பதும் இல்லை. காதொலிக் கருவி போதுமானவர்கள் உண்டு. சைகை மொழியில் வளர்ந்து கற்றுச் சிறந்தவர்கள் உண்டு. அதுவும் இலக்கணமுள்ள மொழியே. எவ்வழியாயினும் மொழி உரிய காலத்தில் வந்து சேரவேண்டும்.

செவி நன்றாக இருக்கிறதென்று தெரிந்துவிட்டால் கடமை முடிந்ததென்றும் எண்ணற்க. அழைத்தால் திரும்பாமை, சுட்டிக் காட்டாமை, வந்த சொற்கள் மறைந்து போதல் ஆகியவை ஆட்டிசம் போன்ற வேறு நிலைகளின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். 18 மாதத்திலும் 24 மாதத்திலும் அதற்கெனத் தனியே பார்க்கவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் வலியுறுத்துகிறது. வந்த சொல் மறைந்தால் ஒரு நாளும் பொறுத்தலாகாது.

கடைசியாக, “இறைவன் நாட்டப்படி நடக்கும், ஸப்ர் செய்யுங்கள்” என்று ஆறுதல் கூறும் பெரியவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஸப்ர் என்பது செய்யவேண்டியதைச் செய்துவிட்டு விளைவை ஏற்றுக்கொள்ளும் திண்மை. செய்யவேண்டியதைச் செய்யாமலிருக்கும் சோம்பலுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனைச் சார்ந்திருக்கக் கற்பித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சமுதாயத்துக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. காது கேளாத பிள்ளையைப் பெற்ற தாய்க்கு ஸப்ர் வேண்டும். கருவி பொருத்தவும், மாதக் கணக்கில் பயிற்சிக்கு அழைத்துச் செல்லவும், ஒரே சொல்லை ஆயிரம் முறை சொல்லிக் கொடுக்கவும் அது வேண்டும். அந்த உயர்ந்த பொறுமையைச் சோதனைக்கு முன்பே செலவிட்டுத் தீர்க்கச் சொல்லாதீர்கள்.

நாம் கேட்பவை மிகச் சில. பிள்ளை பிறந்த மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் செவிச் சோதனை ஆயிற்றா என்று குடும்பத்தார் கேட்கட்டும். ஆகவில்லை என்றால் ஒரு மாதத்துக்குள் எங்கே செய்வதென்று எழுதி வாங்கட்டும். மக்தபில் சேர்க்கும் நாளில் பெயரோடும் வயதோடும் செவிச் சோதனை விவரத்தையும் ஜமாஅத்தார் பதியட்டும். ஆண்டுக்கொருமுறை மாவட்ட மையத்தின் மருத்துவக் குழுவைத் தங்கள் மக்தபுக்கு வரவழைக்க வேண்டுகோள் எழுதட்டும். இவற்றுக்கு நிதி திரட்ட வேண்டாம். மாநாடு கூட்ட வேண்டாம்.

மருத்துவரானாலும் மாமியாரானாலும், இனி “பொறுங்கள்” என்று சொல்பவரிடம் தாய் அஞ்சாமல் மூன்று கேள்வி கேட்கட்டும்: எந்தத் தேதி வரை பொறுப்பது? எந்தச் சோதனையின் பேரில் பொறுப்பது? அந்தத் தேதியில் பிள்ளை பேசாவிட்டால் பொறுப்பேற்பவர் யார்? விடையைத் தாளில் எழுதிக் கையொப்பமிடச் சொல்லட்டும். எழுத மறுப்பவரின் சொல்லைக் கேட்டுத் தாய் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சோதனைக்குப் புறப்படட்டும்.